பதினோராவது மாலை

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் எங்கள் ஸ்டுடியோ பலகையில் 'நூர் அகமது, புகைப்படக் கலைஞர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என் வீட்டுக்காரர் கேமராவின் பொத்தானை அழுத்துவார். அதோடு அவர் கலை முடிந்தது. நெகடிவில் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பை மறைப்பது, படத்துக்கு வண்ணம் பூசுவது, வேண்டாதவரை அழிப்பது, செத்துப்போனவர் படத்துக்கு மாலை வரைவது எல்லாம் நான். திரைக்குப் பின்னால் நசீரா என்று ஒருத்தி உட்கார்ந்து இதெல்லாம் செய்வது வாடிக்கைக்காரர்கள் யாருக்கும் தெரியாது.

எழுபத்தைந்தில் உலகமே மகளிர் ஆண்டு கொண்டாடுவதாக ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. நம் வட்டாரத்துச் சாதனைப் பெண்கள் என்று ஒரு படக் கண்காட்சி வைக்க வேண்டுமாம். சேர்மன் ராஜமாணிக்கம் உடனே கமிட்டி போட்டார். ஒன்பது பேர், ஒன்பதும் ஆம்பளைகள். அவர்கள் மூன்று நாள் டீ குடித்துப் பத்துப் பெண்களைக் கண்டுபிடித்தார்கள். பத்துப் பேரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருக்கிறவளைப் பாராட்டினால் நாளைக்கு ஏதாவது கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள் என்ற பயம்தான், வேறென்ன. அதில் ஒருத்தர் சேர்மனின் தாயார். சேர்மனைப் பெற்றது அவர் சாதனை.

படம் மாட்டப் பதினோரு சட்டம் வாங்கிவிட்டோம், ஒரு பெண் குறைகிறது என்று அலுவலக கிளார்க் திருமலை எங்கள் கடையில் வந்து புலம்பினார். நான் திரைக்குப் பின்னாலிருந்தே கங்கம்மாள் பெயரைச் சொன்னேன்.

கங்கம்மாள் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிரசவம் பார்ப்பவள். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கையில் வாங்கியவள் அவள்தான். அறுபத்தாறு புயலில் ஆம்பளைகளே படகை எடுக்கப் பயந்தபோது, இரண்டு கர்ப்பிணிகளைப் படுக்க வைத்துத் தானே கழி ஊன்றி ஏரியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். ஆனால் சிக்கலான பிரசவம் என்றால் எப்போதும் அந்தப் படகுதான் கதி. அவள் மகள் சின்னப்பொண்ணு எழுபத்தொன்றில் நடு ஏரியில், அந்தப் படகிலேயே செத்துப்போனாள். குப்பத்தில் ஒரு பிரசவ விடுதி கட்டித் தாருங்கள் என்று அந்தப் புயல் வருஷத்திலிருந்தே கங்கம்மாள் மனு கொடுத்துவந்தாள். மகள் போன பிறகு மாதம் தவறாமல் கொடுத்தாள்.

அவள் படம் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. புயலுக்கு மறுநாள் என் வீட்டுக்காரர் எடுத்தது. ஐந்து அதிகாரிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நிற்க, ஓரத்தில் கழியோடு கங்கம்மாள். ஒன்பது வருஷமாக அது 'புயல் நிவாரணப் பணியில் அதிகாரிகள்' என்ற பெயரில் அலுவலகச் சுவரில் தொங்கியது. நான் படத்தைப் பெரிசு பண்ணும்போது ஐந்து பேரையும் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். என் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக ஒரு வேலை பார்த்ததில்லை.

மற்றப் பத்துப் படங்களுக்கும் வழக்கம்போல் மாலை வரைந்தேன். கங்கம்மாளுக்கு வரையவில்லை. உயிரோடு இருப்பவளுக்கு யார் மாலை வரைவார்கள்?

திருமலை வரைவார். வரையத் தெரியாததால் வாங்கிப் போட்டார். பத்துப் படம் ஜோராக இருக்கும்போது ஒன்று மட்டும் மொட்டையாக இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. சந்தனச் சீவல் மாலை ஒன்றைச் சட்டத்தில் மாட்டி, கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, கீழே ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டார். பெயர்ச்சீட்டு எழுதுகிறவர் மாலையைப் பார்த்துவிட்டுக் 'காலஞ்சென்ற' என்று சேர்த்துக்கொண்டார்.

விழா அன்று காலை ஒன்றிய அலுவலகத்துக்குப் போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். மாலையைக் கழற்றப் போவதற்குள் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்து இறங்கிவிட்டார். கூட்டத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டேன். அங்கே கதவோரம் கையில் மனுவோடு கங்கம்மாள் நின்றிருந்தாள். கண்காட்சி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அது அவள் மனு கொடுக்கிற நாள், அவ்வளவுதான்.

தன் படத்தை, மாலையை, விளக்கை நிதானமாகப் பார்த்தாள்.

"இன்னா நசீராம்மா, நான் எப்போ செத்தேன்? ஊட்ல கூட யாரும் சொல்லலியே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடையேறிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்குள் பெரிய அதிகாரி பேச ஆரம்பித்துவிட்டார். படத்தின் கதையைத் திருமலை சொல்லக் கேட்டு அவர் மனம் இளகியிருந்தது. இப்படிப்பட்ட உத்தமி உயிரோடு இருந்தபோது நாம் கொண்டாடவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மையாரின் நினைவாக அவருடைய குப்பத்திலேயே ஒரு பிரசவ விடுதி கட்ட உத்தரவிடுவதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கங்கம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கை தட்டிக்கொண்டே திரும்பிய சேர்மன் அவளைப் பார்த்துவிட்டார். முகம் வெளிறி, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். உண்மை வெளியே வந்தால் தன் மானமும் போகும், விடுதியும் போகும், இனிமேல் நினைவாக என்று எப்படிக் கட்டுவது என்று கைகளைப் பிசைந்தார்.

கங்கம்மாள் மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன், சேர்மன். ஆனா ஒண்ணு. கட்டடத்துல எதனா கோல்மால் பண்ணீங்கோ, உயிரோட வந்துடுவேன்."

அடிக்கல் நாட்டப் பெரிய அதிகாரி படகில் வந்தபோது குப்பமே திரண்டு அழுதது. அவள் புருஷன் நாகமுத்துவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் தேற்றியவள் கங்கம்மாள். யார் இந்த அம்மா என்று அதிகாரி கேட்டார். செத்தவளின் தங்கச்சி என்றார் சேர்மன். அக்காவைப் போலவே இருக்கிறாள் என்று அதிகாரி உருகினார்.

நடுவில் ஒப்பந்தக்காரர் ஏரிக்கரை உப்பு மணலைக் கொண்டுவந்து கொட்டினார். கங்கம்மாள் படகேறி, பஸ் பிடித்து, சேர்மன் வீட்டு வாசலில் போய் நின்றாள். மறுநாள் ஆரணி ஆற்று மணல் வந்தது. அதேபோல் கதவுக்கு ஒரு முறை, கூரைக்கு ஒரு முறை போய் நின்றாள். ஒன்பது வருஷம் உயிரோடு இருந்து நடக்காத காரியம் எல்லாம் செத்த பத்தாம் மாதத்தில் முடிந்தது.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்றவள் கங்கம்மாள்தான். வேறு யாரையும் அவள் விடவில்லை. என் வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நாளே சேர்மன் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். இந்தப் படத்தை விடுதிச் சுவரில், கங்கம்மாளின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். தங்கச்சிக் கதை ஒரு நாளைக்குச் செல்லும், இரண்டு படத்திலும் ஒரே முகம் பக்கத்திலேயே தொங்கினால் யாராவது கேட்பார்கள். அந்தப் பொம்பளையை அழித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் படத்தைத் திரைக்குப் பின்னால் நீட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டுமென்றால் நீங்களே அழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது. கடைசியில் கங்கம்மாளிடமே போய்க் கேட்டேன். அப்போது அவள் புது விடுதியில் பிறந்த முதல் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சுடு, நசீராம்மா. என்னிய விடு. இந்தக் கட்டில்ல படுக்கறவ செத்துடக் கூடாது."

அழித்தேன். முகத்தை அழித்தேன், சேலையை அழித்தேன், அவள் இருந்த இடத்தில் சுவரின் வெள்ளையைப் பூசினேன். தட்டைப் பிடித்திருந்த கைகளிடம் வந்ததும் என்னால் முடியவில்லை. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

படம் விடுதிச் சுவரில் தொங்குகிறது. நடுவில் பெரிய அதிகாரி, சேர்மன், கமிட்டி ஒன்பது பேர். அவர்களுக்கு முன்னால் ஆளில்லாமல் இரண்டு கைகள் மட்டும் தட்டை ஏந்திக்கொண்டிருக்கின்றன. சேர்மன் பார்த்தார், திருமலை பார்த்தார், பெரிய அதிகாரி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கைகள் யாருடையவை என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. படத்தின் அடியில் வழக்கம்போல் 'ஸ்டுடியோ நூர் அகமது' என்று முத்திரை இருக்கிறது.