ஆறு அறை வீடு

ருமேனியாவின் வடக்கு மூலையில் இருக்கும் அந்தக் கிராமத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ரோதிகாவின் வீடுதான். ரோதிகாவின் வீடு என்று ஊர்தான் சொல்லும், பத்திரம் சொல்லாது. மனை மாமனார் தோதர் பெயரில் இருந்தது. பதிவுச் செலவு தண்டம், நமக்குள் என்ன காகிதம் என்று கிழவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். ரோதிகாவும் அதை நம்பினாள். பதினோரு வருஷம் இத்தாலியில் முன்பின் தெரியாத கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலம் அள்ளிச் சம்பாதித்த பணம் முழுக்க அந்த மனையில்தான் இறங்கியது. ஆறு அறை, இரண்டு குளியலறை, மாடிக்குப் பளிங்குப் படி.

அந்த வீட்டில் அவள் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் மட்டும் தூங்கினார்களா என்ன? அந்தப் பக்கமெல்லாம் அப்படித்தான். முன்னால் அரண்மனையைக் கட்டிப் பூட்டிவிட்டு, பின்கட்டுச் சமையலறையில் அடுப்பைச் சுற்றிக் குடும்பமே சுருண்டு கிடக்கும். புது வீட்டில் புழங்கினால் அழுக்காகிவிடுமாம்.

கணவன் சோரினோடு அவளுக்குப் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. போனில் பேச்சு குறைந்தது. மிஞ்சிய பேச்சும் பணத்தைப் பற்றியே ஆனது. பிறகு பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரி ஒருத்தியின் பெயர் அடிபட்டது. ரோதிகா வேலையை விட்டுவிட்டு வந்து, நகரத்தில் நாலாவது மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, தையல் ஆலையில் சேர்ந்து, விவாகரத்துக்கு மனுப் போட்டாள்.

வக்கீல் பெட்கு அம்மாள் எடுத்த எடுப்பில் ரசீது கேட்டார். வீடு நிலத்துக்காரருக்குத்தான் போகும், பணம் போட்டதற்கு அத்தாட்சி இருந்தால் அந்த மதிப்பை மட்டும் கேட்கலாம் என்றார். ரசீதுக்கு எங்கே போவது? வங்கியில் கட்டணம் பிடிப்பார்கள் என்று, ஊர்க்காரர்கள் எல்லோரையும்போல அவளும் பணத்தை உறையில் போட்டு, வேன் ஓட்டும் கேலுவிடம்தான் கொடுத்தனுப்பினாள். கேலுவைப் போய்ப் பார்த்தாள்.

"அக்கா, நீ குடுத்தது எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். ஆனா கோர்ட்ல வந்து சொன்னேன்னு வை, நாளைக்கே வரிக்காரன் வந்து வேனைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

அவனையும் குற்றம் சொல்ல முடியவில்லை. வீடு போனால் போகட்டும், மகள் இலின்கா வந்தால் போதும் என்று முடிவு செய்தாள். இலின்காவுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்காகத்தானே இத்தனையும்.

குழந்தை எங்கே வளர்வது என்று தீர்மானிக்க, விசாரணை அதிகாரி ஒருவர் இரண்டு இடத்தையும் நேரில் பார்த்து அறிக்கை எழுதினார். வக்கீல் அதை ரோதிகாவுக்கு வாசித்துக் காட்டினார். தாயின் இருப்பிடம்: ஓர் அறை, சுவரில் ஈரக் கசிவு, மடக்குக் கட்டில். தகப்பனின் இருப்பிடம்: ஆறு அறைகள், எல்லா அறையிலும் வெப்பமூட்டி, குழந்தைக்கெனத் தனி அறை, தேக்கு மேஜை, மேஜை மேல் பாடப் புத்தகங்கள். ஒவ்வொரு வரியும் அவள் வாங்கிப் போட்டது. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் பதினோரு வருஷம் தவணை முறையில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ரூம்ல அவ ஒரு நாள்கூடப் படுத்ததில்லம்மா. பின்னாடி அடுப்புப் பக்கத்துலதான் படுப்பா. புத்தகத்தை அன்னிக்குக் கொண்டுபோய் வச்சிருக்காங்க."

"தெரியும். அந்த அதிகாரி ஊர்லயும் அப்படித்தான், எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா கண்ணுல பட்டதைத்தானே எழுத முடியும்?" என்றார் பெட்கு அம்மாள்.

இனி மகளின் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். பத்து வயது தாண்டிய குழந்தையை நீதிபதி தனியறையில் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். கால்மணி நேரம் கேட்டார். அன்று சாயங்காலம் பெட்கு அம்மாள் வழக்குக் கோப்பைப் பார்த்துவிட்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியபடியே சொன்னார்.

"அப்பாகூட இருக்கேன்னு சொல்லியிருக்கா. அம்மா எப்படின்னு கேட்டதுக்கு, 'அம்மாவ போன்ல நல்லாத் தெரியும்'னு சொல்லியிருக்கா."

மகள் பொய் சொல்லவில்லை. ரோதிகாவுக்கு வலித்ததும் அதனால்தான்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. குழந்தை தகப்பனிடம். தாய் தன் சம்பளத்தில் கால் பங்கை மாதாமாதம் பராமரிப்புக்குக் கட்ட வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பேருந்திலிருந்து இறங்கி நடந்த ரோதிகா, சாக்லேட் பையை மேல்கோட்டுக்குள் மறைத்தபடி இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள். அழைப்பு மணியை அழுத்தக் கை வரவில்லை. பின்கட்டிலிருந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இலின்கா ஓடிவந்து கதவைத் திறந்தாள். போன கோடைக்கு இப்போது ஒரு சாண் வளர்ந்திருந்தாள். தலைமுடியில் விறகுப் புகை வாசம் அடித்தது.

"ஏம்மா மழையில நிக்கிற? உள்ள வா. தாத்தாகிட்ட கேட்டுட்டேன். ஒரு மணி நேரம் இருக்கலாம்னு சொன்னாரு."

மகளின் முகத்தில் அத்தனை சந்தோஷம். கிழவரிடம் கெஞ்சி வாங்கியிருப்பாள் போலிருக்கிறது. ரோதிகா மகளிடம் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.