மூன்றாம் ஈற்று

பஞ்சாலை ஈயத்தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினாள். பங்களாவின் பின்கட்டில் கோணிமேல் கிடந்த மூன்று குட்டிகளில் ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. குசினியிலிருந்து சமையற்காரர் தங்கராஜுதான் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா, காட்டுக்காரனுங்க வந்துட்டானுங்களா?"

அவள் குட்டிகளைக் காட்டினாள். அவர் கரண்டியை வாங்கித் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்ற அந்த மூன்றும் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"போச்சுலா. இந்த ஈத்தும் வீணு, மூணும் செவிடு," என்றார்.

தாய் நாய்க்கு டச்சஸ் என்பது ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர். பஞ்சாலை வாயில் அது டச்சி. புல் டெரியர் சாதி, கப்பலேறி வந்த நாய்களின் வாரிசு. அதைக் குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கி, சோறு வைப்பதுதான் பஞ்சாலைக்குப் பங்களாவில் வேலை. முன்பெல்லாம் துரை பெட்டை நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு, போர்டிக்சனில் இருக்கும் இன்னொரு துரையின் கடுவனிடம் விட்டுக் கூட்டிவருவார். மலாயாவில் அவசரகாலம் வந்து, காட்டில் இருந்த கம்யூனிஸ்டுக்காரர்கள் மலைப்பாதையில் ஒரு காரைச் சுட்டுச் சல்லடையாக்கியதற்குப் பிறகு, நாய்க் கல்யாணத்துக்காக உயிரைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. வீட்டிலேயே பாரன் என்ற கடுவன் இருந்தது. அது டச்சியைப் பெற்ற அப்பன். அதையே கட்டிவிட்டார். முதல் ஈற்றில் பாதி செத்தே விழுந்தது, மீதி பால் குடிக்கத் தெரியாமல் போனது. இரண்டாவது ஈற்றுதான் இந்த மூன்று.

பஞ்சாலைக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அப்பனுக்கும் மகளுக்கும் முடிச்சுப் போட்டால் வேறென்ன நடக்கும்? முறைகெட்ட காரியம். மிருகத்துக்கு முறை தெரியாது, சரி, படித்த துரைக்குமா தெரியாது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, தொரைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. கோலா பிலா பக்கத்துத் தோட்டத்துல ஒரு கடுவன் இருக்குதே, டச்சியோட ஆத்தாகூடப் பொறந்தது, அதைக் கொண்டாரச் சொல்லுங்க. தாய்மாமன்தானே. முறைதானே."

தங்கராஜு சிரித்தார். ஆனாலும் சொல்லத்தான் சொன்னார். மறுநாள் தேங்காய் துருவிக்கொண்டே பதில் கொண்டுவந்தார்.

"தொரை சிரிக்கிறாரும்மா. அதுவும் ஒரே ரத்தந்தானாம். அப்பனோ, மாமனோ, ரத்தம் நெருங்க நெருங்கக் காது போவுமாம், கண்ணு போவுமாம், குட்டி தங்காதாம். மாட்டு டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்காரு. வெளி ரத்தம் வேணுமாம். ரோடு சரியாகட்டும், போர்டிக்சனுக்கே போகலாம்னுட்டாரு."

பஞ்சாலை உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. விரல்கள்தாம் நின்றுபோயின.

தட்டைத் தட்டிப் பார்க்கும் வித்தையை அவள் நாய்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. பெற்ற மகளிடம் கற்றது. எட்டு மாதத்துக் குழந்தை, கொழுக் மொழுக்கென்று இருந்தாள். எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லையே என்று ஒருநாள் முதுகுக்குப் பின்னால் நின்று இதே போலத் தட்டினாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன, பிள்ளை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்தது மகன். அவனுக்குக் கழுத்தே நிற்கவில்லை. அவனையும் ரப்பர் மரத்தடியில்தான் வைத்தார்கள். நாக தோஷம் என்றார்கள், முருகனுக்குக் காவடி எடு என்றார்கள். எல்லாம் செய்தாயிற்று. ஒரு பிள்ளை, அவள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற ஒரு பிள்ளை. அது போதும் அவளுக்கு.

புருஷன் முருகையா அவள் தாயின் கடைசித் தம்பி. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், அவள் பெரியவளானபோது ஓலையில் குச்சு கட்டிக் கொடுத்தவன். தோட்டத்தில் அவனைப் போல் பொண்டாட்டியைத் தாங்குகிற ஆளைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வெளியே போக முடியாது. பால்மரம் வெட்டிவிட்டு வந்தவன் அவளோடு வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பான். உள்ளே விட்டத்தில் தொட்டில் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க அவன் விடுவதில்லை.

"மாமா," என்றாள் அன்று சாயங்காலம். "நாம ரெண்டு பேரும் ஒரே ரத்தந்தானே?"

"பின்னே? அதனாலதானே ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்குடுக்காம கெடக்கோம். அசலாளா இருந்தா எப்பவோ வேற ஒருத்தியைத் தேடியிருப்பான்," என்று பெருமையாகச் சொல்லி, சுண்ணாம்பை அளவாகத் தடவி, வெற்றிலையை நீட்டினான்.

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். இந்த மனிதனிடம் எதைச் சொல்வது? சொன்னால் அந்தக் கயிற்றை அவனே அவிழ்த்துவிடுவான். அதை மட்டும் அவளால் பார்க்க முடியாது.

பிறகு துரைக்குக் காய்ச்சல் கண்டு, இரும்புத்தகடு அடித்த வண்டியில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் மாறி மாறி வந்ததில் அங்கேயே மாதக்கணக்கில் படுத்துவிட்டார். துரை இல்லாத பங்களாவில் காவலும் கொஞ்சம் கண்ணயர்ந்தது. எங்கிருந்தோ ஒரு கம்பத்து நாய், மலாய்க்காரக் கிராமத்து நாட்டு நாய், காது கிழிந்த செவலை, வேலிக்கடியில் மண்ணைப் பறித்து உள்ளே வந்துவிட்டது. பஞ்சாலை பார்த்தாள். கல்லைக்கூடக் கையில் எடுத்தாள். எடுத்த கல்லை அப்படியே கீழே போட்டுவிட்டு, துணி காயப்போட முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாவது ஈற்றில் ஏழு குட்டிகள். செவலையும் கறுப்பும் புள்ளியுமாக ஆளுக்கொரு நிறம். கண் திறந்து, காதும் திறக்கும் பருவம் வந்தது. அவள் தட்டைத் தட்டினாள். ஏழு தலையும் ஒன்றாகத் திரும்பின. ஒரு செவலை தள்ளாடிக்கொண்டு அவளை நோக்கியே வந்தது. அவள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கராஜு எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

துரை திரும்பி வந்து குட்டிகளைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். சாதி கெட்ட குட்டிகளைச் சாயங்காலத்துக்குள் ஆற்றில் விடும்படி உத்தரவாயிற்று. தோட்டக்காரன் நல்லசாமி கோணிப்பையோடு வந்து நின்றான்.

"என் மேல கோவிச்சுக்காதக்கா. எனக்கு மட்டும் ஆசையா?"

"அண்ணே, ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு," என்றாள் அவள் தங்கராஜுவிடம்.

"லயத்துல நாய் வைக்கக் கூடாதும்மா. மனுசனுக்கே அரிசி அளந்து குடுக்குறான். கேட்டுல பிடிச்சா ஒனக்கும் வேலை போவும், முருகையாவுக்கும் போவும்."

நல்லசாமி வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியைப் பார்த்தான். அவள் அந்தச் செவலையை எடுத்தாள். மற்றவையும் அவள் கையைத்தான் பார்த்தன. மடியில் இடம் அவ்வளவுதான்.

லயத்து வாசலில் ஊரடங்குக்கு முந்திய வரிசை. போகும்போது காட்டுக்காரர்களுக்குக் கொடுக்க அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வரும்போது காட்டிலிருந்து சேதி ஏதும் வருகிறதா என்று பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க அகதா என்ற தோட்டத்துப் பெண்ணையே வைத்திருந்தார்கள். பஞ்சாலையின் மகனைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவள் அவள்தான். அகதாவின் கை தோளைத் தடவி, இடுப்பைத் தடவி, சேலைக் கொசுவத்துக்குமேல் வந்து நின்றது. உள்ளே வெதுவெதுப்பாக ஒன்று புரண்டு, அகதாவின் உள்ளங்கையில் ஓர் உதை உதைத்தது.

அகதா நிமிர்ந்து பார்த்தாள். பஞ்சாலையின் கண் நிறைந்து நின்றது.

"என்னா அங்க லேட்டு?" என்று வாசலில் காவல் நின்ற துப்பாக்கிக்காரன் கத்தினான். "என்னா இருக்கு?"

அகதாவின் கை இன்னும் எடுபடவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள். "புள்ளத்தாச்சி. நீ போக்கா, பாத்துப் போ."

வாசலைத் தாண்டினாள். லயத்துக் கோடியில் முருகையா துண்டை உதறிக்கொண்டு அவள் வரும் வழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வரிசை பின்னால் தங்கிவிட்டது, துப்பாக்கிக்காரனும் அடுத்த ஆளிடம் போய்விட்டான். இனி யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பஞ்சாலை வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கல் பார்த்து, மேடு பார்த்து, மெல்ல மெல்ல அவனை நோக்கி நடந்தாள்.