பால் வற்ற ஒரு பிடி மொட்டு

கோழி கூவுவதற்கு முன்பே நாங்கள் செடிக்குள் குனிந்துவிடுவோம். நெற்றியில் கட்டிய லைட் வெளிச்சத்தில் வெள்ளை மொட்டைத் தேடி, காம்போடு நகத்தால் கிள்ளி, இடுப்பு மடியில் போட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை மதுரைச் சந்தையில் ஒருவனும் சீந்த மாட்டான். பனியில் சேலை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டும். முந்தின நாள் அடித்த பூச்சிமருந்து விரலில் பிசுபிசுக்கும். மல்லிகை மணம் என்று ஊரே கொண்டாடுகிறது. எனக்கு அந்த வாசம் குமட்டும். அதற்குப் பூச்சிமருந்து மட்டும் காரணம் இல்லை.

பேரையூர்ப் பக்கம் செல்வக்குமாரின் பூந்தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. எனக்கு அடுத்த வரிசையில் பவதாரிணி பறித்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்புப் பாதியில் வயிற்றுப் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். ஆசை காட்டிக் கூட்டிப்போனவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான். இப்போது போனை எடுப்பதில்லை. பெற்றவர்கள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ரத்தமே இல்லாமல் பிரசவத்துக்குப் போனவளை, "படிக்கிற வயசுல உனக்கு இது கேக்குதா?" என்று வார்டே கேட்கும்படி நர்சுகள் திட்டியிருக்கிறார்கள். ஓடிப்போனவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது.

பிள்ளை எடை குறைவாகப் பிறந்தது. தாய்ப்பால்தான் அதைத் தேற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தில் தொட்டில் கட்டியிருந்தாள். பிள்ளை அழுதால் ஓடுவாள். கையில் ஒட்டிய மருந்து போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பால் கொடுத்துத் திரும்புவாள். அந்த நேரம்தான் செல்வக்குமாரின் கண்ணை உறுத்தியது.

அன்று பிள்ளை வீறிட்டு அழுதும் அவள் போகவில்லை. தலையைக் குனிந்தபடியே பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, புள்ள அழுகுதுல்ல? போ" என்றேன்.

"போகல சின்னம்மா. இனிமே புட்டிப்பாலுதான்."

"ஏன், உனக்கு என்ன வந்துச்சு?"

அவள் நிமிர்ந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டை நனைந்திருந்தது. உள்ளே ஏதோ துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"முதலாளி நேத்து ஒரு பிடி மொட்டக் குடுத்தாரு சின்னம்மா. துணியில வச்சு நெஞ்சோட இறுக்கிக் கட்டுனா பால் வத்திரும்னாரு. வத்துனா வேலைக்கு வா, இல்லாட்டி வராதன்னாரு. ராத்திரியெல்லாம் வலி. காய்ச்சலடிக்கிது."

செடியை விலக்கிக்கொண்டு அவள் வரிசைக்குப் போனேன்.

"அடி கூறுகெட்டவளே! பால் வத்தப் பூ யாருக்குக் கட்டுவாகன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

எப்படித் தெரியும்? பிரசவத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். எங்கள் பக்கத்தில் பிள்ளை செத்துப்போனவளுக்குத்தான் அதைக் கட்டுவார்கள். குடிக்க வாய் இல்லாத பாலை வற்ற வைக்கக் கட்டுவது. பதினாறு வயதில் எனக்கும் கட்டினார்கள். என் முதல் பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து கட்டினார்கள். பால் வற்றும்வரை அந்த வாசத்தோடுதான் படுத்துக் கிடந்தேன்.

இதை அவளிடம் சொன்னேன். கேட்டதும் அவள் மோட்டார் ரூமுக்கு ஓடினாள். கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவள் எறிந்த துணியை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே மொட்டுகள் கசங்கிப் பழுப்பேறி இருந்தன. வரப்பில் விரித்துக் காட்டியதும் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து வந்தார்கள். பாண்டிமீனாதான் முதலில் தன் இடுப்பு மடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

செல்வக்குமாரின் புல்லட் வந்து நின்றது.

"என்னத்தா, மாநாடா? வெயில் ஏறுது, பூ விரியப்போகுது."

"இத நீங்கதான் குடுத்தீகளா?" என்று துணியைக் காட்டிக் கேட்டாள் பாண்டிமீனா.

"ஆமா, அதுக்கென்ன? ஊரு வைத்தியம்தான? மாத்திரையா குடுத்தேன்?"

"புள்ள செத்தவளுக்குக் கட்டுறதண்ணே இது."

"அதெல்லாம் பழைய பேச்சு. வயசு வாரதுக்குள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிப்பாளுக. அதுக்கு என் பூ காத்துக்கெடக்கணுமோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் மேல் அழுக்காக ஒட்டியிருக்கிறது.

"உங்க மகளுக்கும் இப்பிடித்தான் கட்டிவிடுவீகளா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "வாய அளந்து பேசு."

"அளந்துதான் பேசுறேன். பால் குடுக்குற நேரத்துக்கு அவள ஏசக் கூடாது. வேலைய விட்டு நிறுத்தக் கூடாது. கை கழுவச் சோப்பும், புள்ளையப் போட ஒரு கூரையும் வேணும். அம்புட்டுத்தான்."

"முடியாது. உங்கள விட்டா எனக்கு ஆளா இல்ல?" என்று போனை எடுத்தான்.

பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஏற்றிய வேன் வருவதற்குள் வெயில் செடி மேல் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வருகிறவர்களும் எங்களைப் போல அடுப்பு எரியாத வீட்டுப் பெண்கள். மடி கட்டிக்கொண்டே இறங்கினார்கள். அவர்களை எந்த முகத்தோடு தடுப்பது?

முன்னால் வந்த பெண் வரப்பில் விரித்திருந்த துணியைப் பார்த்து அப்படியே நின்றாள். சுற்றிலும் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாருக்குத்தா புள்ள தவறிருச்சு?"

வேப்பமரத்தடியிலிருந்து பதில் வந்தது. அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத பவதாரிணி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றாள்.

"தவறல. இந்தா, உசுரோட இருக்கு. இவருதான் கட்டச் சொன்னாரு."

அந்தப் பெண் பிள்ளையைப் பார்த்தாள். செல்வக்குமாரைப் பார்த்தாள். அவன் காலடியில் எச்சிலைத் துப்பினாள். கட்டிய மடியை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். வரப்பில் இடம் போதாமல் சிலர் வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

செல்வக்குமார் இன்னும் யார் யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அவன் இறங்கி வருவானா, நாளைக்கு எங்களுக்கு வேலை உண்டா, கட்டுப்பட்ட பால் பழையபடி சுரக்குமா, எதுவும் தெரியவில்லை. பிள்ளை சப்பிப் பார்த்தது, அழுதது, மறுபடியும் சப்பியது. எங்கள் கண்ணெதிரே தோட்டம் முழுக்கப் பூ விரிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் குனியவில்லை.