பின்பக்கத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை

"ஒரு வாரம்தானே?"

"ஒரு வாரம்னா ஒரு வாரம். ஸ்பாஞ்ச் மாத்தி, துணி மாத்தி, புதுசு மாதிரி மாட்டித் தந்துடுறேன்."

"அப்புறம் ஏமாத்தக்கூடாது."

"உன்னை ஏமாத்திட்டு நான் எங்கேம்மா போகப்போறேன்?"

கல்யாணமான புதிதில், காரின் பக்கத்து சீட்டைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நின்றபடி அவள் புருஷன் சொன்னது அது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சீட்டு இல்லாவிட்டால் எடை குறைகிறது, வண்டி பறக்கிறது என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். அதோடு அவள் அந்தக் காரில் ஏறுவதும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்துக்கு அவன் மட்டும் போவான். அவள் கேட்டைத் திறந்துவிட்டு, வண்டியின் பின்பக்கம் தெருமுனையில் மறையும்வரை நிற்பாள். சீட்டைத் திரும்ப மாட்டச் சொல்லலாமா என்று வார்த்தை தொண்டை வரை வரும். இதைக்கூடவா கேட்டு வாங்க வேண்டும் என்ற ரோஷத்தில் விழுங்கிவிடுவாள்.

கழற்றிய சீட்டு ஷெட்டில் சுவரோரம் கிடந்தது. இன்று காலை அதில் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவனோடு கூடப் படித்தவளாம். ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு போடுவாளாம். அதனால் படிக்கிற காலத்திலேயே 'கோடு' என்று அவன் பெயர் வைத்தானாம். இப்போது கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு பட்டப்பெயர் வைக்க அவனுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை.

"வாங்க அண்ணி," என்றாள் கோடு, டீயை வாங்கிக்கொண்டு.

அவனை 'டேய்' என்கிறாள், தன்னை 'அண்ணி' என்கிறாள். அவன் அண்ணன் இல்லையென்றால் நான் யாருக்கு அண்ணி? கேட்க நாக்கு துறுதுறுத்தது. "சர்க்கரை போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் நிமிரவில்லை. காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பழைய இரண்டு கதவு கார். இன்ஜின் மாற்றி, சக்கரம் மாற்றி, தரையோடு தரையாகத் தாழ்த்தி, முன்பக்கத்தைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டான். பின்பக்கம் மட்டும் துருவேறிக் கிடந்தது. தகட்டை வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும். வெட்டிய பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது.

"ரவுண்டு லைட்டுதான்டா இதுக்கு லட்சணம்," என்றாள் கோடு. "பக்கத்துக்கு ரெண்டு."

"ஊருல எல்லாப் பயலும் ரவுண்டுதான் வெச்சிருக்கான். எனக்குப் பட்டை. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே சிவப்பு."

"கடை போர்டு மாதிரி இருக்கும்."

"ஒட்டிக் காட்டு, அப்புறம் பேசு."

வீட்டுக்குத் திரைச்சீலை எடுக்கப் போனபோது 'எதையாவது எடு' என்று கடை வாசலிலேயே நின்றவன் இவன்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் முகங்களை அளந்து, எது யாருக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்வதுதான் அவள் வேலை. இந்த வீட்டில் அவள் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

கோடு அட்டையில் பட்டையை வெட்டி, சிவப்புக் காகிதம் சுற்றி, டேப்பால் ஒட்டினாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது. "ஓட்டிக்கிட்டுப் போ. தூரத்துலேர்ந்து பார்க்கணும்," என்றாள்.

அவன் வண்டியைத் தெருவில் இறக்கினான். இரண்டு பெண்களும் கேட்டருகே நின்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் கோடு முகம் சுளித்தாள்.

"அண்ணி, கோணலா தெரியுதோ?"

"தெரியலையே," என்றாள் அவள், நன்றாகத் தெரிந்தும்.

கோடு கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் இறங்கி வந்து பார்த்தான். "நேராத்தானே இருக்கு?" ரசமட்டமும் அதையே சொன்னது. ஏறினான், ஓட்டினான். பட்டை மறுபடி ஒரு பக்கம் சரிந்தது. இறங்கினான், நேரானது.

"உனக்குக் கண்ணு போச்சு."

"உனக்கு மூளை போச்சு. போடா, இன்னொரு தடவை போ."

பார்த்துக்கொண்டு நின்றவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாகச் சண்டை போடட்டும். மூன்றாவது தடவையும் கோணல்தான். கோடு பட்டையைப் பிய்த்தாள். பிறகு தன் வலது கையையே அவள் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டதும் அந்தக் குளிர்ச்சி அடங்கிவிட்டது.

"பட்டறையிலயும் போன வாரம் ஒரு கோடு பிசகிடுச்சு," என்றாள் கோடு தாழ்ந்த குரலில். "கை போயிடுச்சு போலிருக்கு, அண்ணி. அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

காலையிலிருந்து வயிறெரிந்ததெல்லாம் இந்தக் கையைப் பார்த்தா? அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"உங்க கைக்கு ஒண்ணுமில்ல. திரும்ப ஒட்டுங்க," என்றாள். அவன் வந்ததும் அவனிடம் சொன்னாள்: "நீங்க ஏறினா வண்டி உங்க பக்கம் சாயுது. இறங்கினா நிமிர்ந்துக்குது. நீங்க இறங்கி இறங்கிப் பார்த்தா எப்படித் தெரியும்?"

"சாயுதா? எப்பலேர்ந்து?"

"சீட்டைக் கழட்டினதுலேர்ந்து. ரவுண்டு லைட்டுல அவ்வளவா தெரியாது. பட்டை காட்டிக் குடுத்துடும். எங்க கடைக்கு வர்ற யாருக்கும் ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்காது. கண்ணாடி மாட்டினாத்தான் அது தெரியும்."

"ஆமாண்டா," என்றாள் கோடு மெல்ல. "ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. நீ ஒரே ஆளு ஒரே பக்கம் உக்காந்து ஓட்டுற."

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்று அவன் பெண்டாட்டியைக் கேட்டான்.

"நீங்க கேட்டீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். பட்டையைக் கைவிடவும் மனசில்லை. "சரி, இப்போதைக்கு ஒண்ணு பண்ணலாம். அந்தப் பக்கம் ஒரு மணல் மூட்டையைப் போட்டா மட்டத்துக்கு வந்துடும்."

கோடு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். ஷெட்டுக்குள் போய், தான் உட்கார்ந்திருந்த சீட்டின் தூசியைத் தட்டத் தொடங்கினாள்.

வார்த்தை வழக்கம்போல் தொண்டை வரை வந்தது. இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை.

"மூட்டையெல்லாம் வேண்டாங்க. என் சீட்டைத் திரும்ப மாட்டுங்க. நான் உங்க பக்கத்துல உக்காந்து வரணும்."