அவர் புரண்டால் தெரியாத மெத்தை

ரவாங்கில் இருக்கும் அந்த மெத்தைக் கடைக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மகள் ஷர்மினிதான். அப்பாவுக்கு முதுகு வலி, அம்மாவுக்கு இடுப்பு வலி. இரண்டு பேரும் அந்தப் பழைய பஞ்சு மெத்தையிலேயே கிடந்தால் எப்படித் தேறுவார்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை பத்தாங் பெர்ஜுந்தாய் வீட்டுக்கு வந்து, கேட்காமல் கொள்ளாமல் இருவரையும் காரில் ஏற்றிவிட்டாள். செல்லன் முன்னால் உட்கார்ந்தார். அவர் ஊன்றி நடக்கும் தொங்காட்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு விமலா பின்னால் உட்கார்ந்தாள்.

செல்லன் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். சில வருஷங்களுக்கு முன் வெட்டிய குலை ஒன்று நேராக விழாமல் மட்டையில் பட்டுத் திரும்பி அவர் முதுகில் இறங்கியது. திரும்ப எழுந்து நடந்ததே பெரிது என்றார்கள். குலை வெட்டும் வேலை அதோடு போயிற்று. சம்சு சாராயம் குடிப்பதும் அதோடு நின்றது, மாத்திரையோடு அது சேர்ந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்தது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். செல்லன் எப்படி இருந்த ஆள், எப்படி ஆகிவிட்டார் என்று தாமான் குடியிருப்பில் எல்லோரும் பேசினார்கள். விமலாவும் அதை மறுக்கவில்லை. அவர் மாறியது உண்மைதான். அவள் உடம்புக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடையில் அவர்களைக் கவனித்த செல்வாவுக்கு நாற்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசும் ஆள். செல்லன் பருத்த உடம்புக்காரர், மல்லாந்துதான் படுக்க முடியும். விமலா எலும்பும் தோலுமாக இருந்தாள், ஒருக்களித்துத்தான் படுப்பாள். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே களை மருந்து தெளித்த காலத்தில் அவள் இடுப்பு போனது. இதையெல்லாம் செல்வா கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அங்கிளுக்குக் கெட்டியா வேணும், ஆண்டிக்கு மெதுவா வேணும். ஒரே மெத்தையில ரெண்டும் வேணும்னா ஹைபிரிட்தான். கீழ ஸ்பிரிங், ஒவ்வொண்ணும் தனித்தனி உறையில இருக்கும். மேல லேடெக்ஸ். ரப்பர், பால்மரத்துப் பால்தான் அது."

"பால்மரத்துப் பாலா?" செல்லன் மெத்தையை அமுக்கிப் பார்த்தார். "இதுல வந்து படுக்கிறதுக்கா எங்கப்பா அத்தன மரம் சீவுனாரு?"

ஷர்மினி சிரித்தாள். அப்பா வேடிக்கையாகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"உள்ள ஸ்பிரிங் ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்ல. இந்தப் பக்கம் கெட்டி, அந்தப் பக்கம் எளக்கம்" என்று செல்வா மெத்தையின் நடுவில் கையால் கோடு போட்டுக் காட்டினார். "இன்னொண்ணு இருக்கு. அதைத்தான் எல்லாரும் விரும்பிக் கேக்குறாங்க."

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி மெத்தையின் ஒரு பக்கம் வைத்தார். மறுபக்கம் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். குவளைத் தண்ணீர் அசையவில்லை.

"பார்த்தீங்களா ஆண்டி? அவரு புரண்டா, எழுந்தா, வந்து படுத்தா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. நிம்மதியாத் தூங்கலாம்."

விமலா குவளையையே பார்த்தாள்.

அந்தப் பஞ்சு மெத்தை அவளுக்கு இத்தனை காலமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வந்து உட்காரும்போது ஓரம் எவ்வளவு அமுங்குகிறது, மெதுவாக அமுங்குகிறதா ஒரேயடியாகவா, அதை வைத்தே அன்றைக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவர் குடித்த நாட்களில், மெதுவாக என்றால் தூங்கிவிடுவார். ஒரேயடியாக என்றால் அவர் கை ஓங்குவதற்குள் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முழங்கையால் காதை மூடிக்கொள்வாள். முதுகில் விழுவதைத் தாங்கிக்கொள்ளலாம். காதில் விழுந்தால்தான் கஷ்டம். வலது காது ஏற்கெனவே பாதி போயிருந்தது.

"இது வேணாம்மா" என்றாள்.

"ஏன்மா?"

"சூடா இருக்கும்."

"லேடெக்ஸ் முழுக்க ஓட்டை இருக்கு ஆண்டி, காத்து நல்லாப் போகும்" என்றார் செல்வா.

"பழசே நல்லாத்தான் இருக்கு."

"நடுவுல குழி விழுந்து கிடக்கும்மா அது. அப்பாவால திரும்பி எழக்கூட முடியல." ஷர்மினியின் குரலில் எரிச்சல் ஏறியது. "படுத்துப் பாருங்களேன். படுக்காமயே வேணாம்னா எப்படி?"

அதற்குள் செல்லன் தொங்காட்டை ஓரமாகச் சாத்திவிட்டு, மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, கெட்டியான பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். கண்ணை மூடினார். விபத்துக்குப் பிறகு எப்போதும் சுருங்கியே இருந்த அவர் நெற்றி விரிந்தது. யாரிடமும் இல்லாமல் "வலிக்கல" என்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

ஷர்மினி அம்மாவைப் பார்த்தாள். விமலா சரி என்று தலையை ஆட்டினாள்.

அடுத்த வாரம் லோரியில் மெத்தை வந்து இறங்கியது. பழையதை அதே ஆட்கள் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். செல்லன் அன்றிலிருந்து நன்றாகத் தூங்கினார். விமலாவின் இடுப்புக்கும் அந்த எளக்கமான பக்கம் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். மறுபடி பார்ப்பாள். காலையில் அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கன்டீனில் நின்றபடியே கண் சொருகியது, கொதிக்கும் மீ நூடுல்ஸ் சட்டியில் ஒருநாள் கையைச் சுட்டுக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும், அவர் வரவேற்பறை நாற்காலியில் தொலைக்காட்சி பார்க்கும் நேரமாகப் பார்த்து அறைக்குள் போய்ப் படுப்பாள். அந்த நேரத்துத் தூக்கம்தான் தூக்கம்.

அப்படி ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்த மழையில் வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. செல்லனுக்கு முதுகு இழுத்திருக்கிறது. எழுந்து அறைக்கு வந்து, அவளை எழுப்பக்கூடாதென்று மெதுவாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை எங்கே என்று கேட்கத்தான் அவள் தோளைத் தொட்டார்.

விமலாவுக்குத் தெரிந்தது தோளில் விழுந்த கை மட்டும்தான். அவள் கத்தவில்லை. திரும்பி, இரண்டு கையாலும், இருந்த பலம் முழுவதையும் சேர்த்துத் தள்ளினாள். கண் விழித்தபோது அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சிமென்டுத் தரையில் கிடந்தார், கால் ஒன்று அசிங்கமாகத் திரும்பியிருந்தது.

அவசர வார்டில், அவர் எப்படி விழுந்தார் என்று மலாய்க்கார டாக்டர் கேட்டார். விமலா வாயைத் திறப்பதற்குள் செல்லன் மலாயில், "நானேதான் விழுந்தேன், கால் வழுக்கிவிட்டது" என்று சொல்லிவிட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்பு நீர் அதிகமாக இருந்ததால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

வார்டுக்கு வெளியே நாற்காலியில் ஷர்மினி அம்மாவிடம் குறைபட்டாள். "பக்கத்துலதானே இருந்தீங்க. பிடிச்சிருக்கலாம்லா."

"நான்தான் தள்ளினேன்."

ஷர்மினிக்கு முதலில் விளங்கவில்லை. "தூக்கத்துலயா?"

"தூக்கத்துலதான்."

"திருடன் யாரோன்னு நெனச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. அவருன்னு நெனச்சுத்தான்."

ஷர்மினியைச் சின்ன வயசிலேயே ராசா என்ற ஊரில் இருந்த சித்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று அவளுக்கு அப்போதே தெரியும். பிறகு படிப்பும் வேலையும் காரும் வந்ததில் மறந்துபோயிருந்தாள், அல்லது மறப்பது வசதியாக இருந்தது. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "கடையில சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றாள் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில்.

"அவரு முன்னாலயா? அந்தக் கடை ஆளு முன்னாலயா?"

கடைசியில் அறுவை செய்யாமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தபோது செல்லனால் உட்காரவும் முடியவில்லை. அந்தப் பெரிய மெத்தை முழுவதும் அவருக்கே ஆயிற்று. விமலா வரவேற்பறையில் பாயில் படுத்தாள். கன்டீன் வேலையை விட்டுவிட்டு அவரைத் துடைத்தாள், ஊட்டினாள், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். ஒருநாள் காலை வெந்நீரில் துணியைப் பிழிந்து அவர் மார்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்ட அவர் கையைத் தூக்கினார். விமலா துணியைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

செல்லனின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"என்னைப் பார்த்தா இன்னுமா பயம்?"

"ஆமா."

"நான் எதையும் பண்ணி எத்தன வருஷமாச்சு."

"ஆமா."

"எழுந்திரிக்கக்கூட முடியல எனக்கு."

"தெரியுது. இருந்தாலும் பயந்தான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த துணியை எடுத்து அலசி, விட்ட இடத்திலிருந்து துடைத்து முடித்தாள்.

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியவில்லை, அல்லது வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து வேறொன்று செய்தார். அசைவதற்கு முன்னால் சொன்னார். "விமலா, கையை எடுக்குறேன்." "விமலா, குவளையைப் பிடிக்கப் போறேன்." "இந்தப் பக்கம் தலையத் திருப்புறேன்." ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு, அவள் காதில் விழுந்ததா என்று கொஞ்சம் பொறுத்து, அதன் பிறகே அசைந்தார். அவளுடைய வலது காது அவர் பக்கம் இருந்தால் குரலை உயர்த்திச் சொன்னார். அந்தக் காது யாரால் போனது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லாமல் அசைந்துவிட்ட நேரங்களில் அவள் உடம்பு முன்னைப் போலவேதான் தூக்கிப்போட்டது. அது அவள் கையில் இல்லை.

சளி நெஞ்சில் கட்டியது. பிறகு அவரால் பேச முடியவில்லை. அப்போதும் கையை எடுக்கும் முன் விரலால் மெத்தையைத் தட்டுவார். தட்டியது தெரியாத மெத்தை அது, விமலா பார்த்துக்கொண்டிருந்தால்தான் உண்டு. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில், அவள் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது.

உடலை எடுத்துப்போன பிறகு வீடு நிறைய ஆள் இருந்தது. செல்லனோடு குலை வெட்டியவர்கள் வாசலில் கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்து அவருடைய பலத்தைப் பற்றிப் பேசினார்கள். தெருக்கோடி வீட்டு இராஜம்மா விமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் கூடவே இருந்து பார்த்துக்கிட்ட. அவரும் ஒருத்தரையும் கஷ்டப்படுத்தாமப் போயிட்டாரு. குடுத்து வச்சவடி நீ" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஷர்மினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விமலா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"கோப்பி குடிச்சீங்களாக்கா?" என்று இராஜம்மாவிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கையை விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.