முதுகு திரும்பிய காட்சி

இந்த அம்மா இங்கே வாய் திறக்க மாட்டாள். எனக்குத் தெரியாதா என்ன? எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வேறு ஏதோ காட்சியின் வசனத்தைக் கை தவறி இங்கே அடித்துவிட்டார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இருக்காது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வெளியறையில், ஸ்பிரிங் குத்தாத ஓரமாகப் பார்த்து சோபாவில் உட்கார்ந்து, வசனத் தாளின் கடைசிப் பக்கத்தை அவள் மறுபடியும் படித்தாள். ‘அம்மா (ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார், முதுகு): உன்ன மன்னிச்சிட்டேன்பா. நீ நல்லா இருக்கணும்.’

கை தவறி அடித்ததாகத் தெரியவில்லை. அடைப்புக்குறிக்குள் ‘முதுகு’ என்றே போட்டிருந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். வேறு மொழியில் எடுத்த தொடருக்கு நம் மொழியில் குரல் கொடுக்கும்போது, நடிகரின் வாய் தெரிகிறவரை கட்டுப்பாடுதான். உதடு மூடினால் மூட வேண்டும், திறந்தால் திறக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ, வசனம் எழுதுகிறவருக்குக் கொண்டாட்டம். முன்னால் சொல்ல விட்டுப்போனது, சமையலறையில் இருந்தபடி காதால் மட்டும் தொடர் பார்க்கிறவர்களுக்குப் புரியாமல் போகக்கூடியது, எல்லாவற்றையும் அந்த முதுகின்மேல் ஏற்றிவிடுவார். கூடத்தில் இதற்கு ‘முதுகு வசனம்’ என்று பெயர். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, நீதிமன்றத்தில் அழுகிற அத்தை என்று இத்தனை வருஷமாகச் சில்லறைப் பாத்திரங்களுக்கே குரல் கொடுத்துவந்தாலும், எந்த முதுகில் எந்த வசனத்தைக் கொடுத்தாலும் அங்கேயே முளைத்தது மாதிரி உட்கார வைத்துவிடுவாள். ‘முதுகு ராணி’ என்று ஒலிப்பதிவாளர் வைத்த பட்டத்தைக் கேட்டு அவளே சிரித்திருக்கிறாள்.

ஆனால் இந்த முதுகு வேறு.

‘ஏழாம் பிரிவு’ என்ற அந்தத் துப்பறியும் தொடரை, அது இந்தக் கூடத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துப் படித்துப் பார்த்து முடித்தவள் அவள். அதில் இந்த ஒரு பகுதியை மட்டும் மனம் கேட்கும்போதெல்லாம் போட்டுப் பார்ப்பாள். சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. மகன் ஆற்றில் பிணமாகக் கிடைத்து வருஷங்கள் ஓடிவிட்டன. மகனுடைய நண்பன் ஒருவன் விடாமல் அவளைப் பார்க்க வருகிறான். குழாய் ஒழுகினால் சரிசெய்கிறான், துணிமூட்டை தூக்குகிறான், மகன் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். பெண் இன்ஸ்பெக்டர் பழைய வழக்கைத் தூசி தட்டி எடுக்கும்போது தெரிகிறது, கொன்றவன் அவன்தான்.

இது கதையின் பாதியிலேயே தெரிந்துவிடும். அதைப் பெரிய குறையாக மற்ற ரசிகர்கள் சொல்வார்கள். அவளுக்கு அதுதான் பிடித்தது. யார் செய்தது என்பது தெரிந்த பிறகும் இன்னும் பாதிக் கதை மிச்சம் இருக்கிறதே.

கடைசிக் காட்சி காவல் நிலையத் தாழ்வாரத்தில். விலங்கு பூட்டிய கைகளோடு அவன் நின்று, “ஏதாவது சொல்லுங்கம்மா” என்கிறான். அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். கோட்டுக்குப் பொத்தான் போட ஆரம்பிக்கிறாள். வரிசை தப்பிவிடுகிறது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து போடுகிறாள். நமக்குத் தெரிவதெல்லாம் முதுகும் அசைகிற முழங்கைகளும்தான். இசைகூட இல்லை. பெயர்கள் ஓடத் தொடங்கும்வரை அவள் திரும்புவதே இல்லை.

“மறுபடியும் அந்தப் பொத்தான் அம்மாவா?” என்று கேட்பார் கணவர், பின்னால் கடந்து போகையில். “நீ பாக்குறதப் பாத்தா, ஒருநாள் அவங்களே சலிச்சுப்போய் ஜிப் வெச்ச கோட்டு வாங்கிடுவாங்க.”

அவள் சிரிப்பாள். அவர் வேடிக்கையாகப் பேசக்கூடியவர். ஏன் அந்தப் பகுதி என்று அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

சொல்வதற்கு என்ன இருக்கிறது. வேறொருத்தியோடு வேறு ஊரில் சில காலம் இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு அவர் திரும்பி வந்த நாளில், வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார், நாத்தனார், அவளுடைய சொந்த அண்ணன். அவள் மட்டும் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். யாரும் டீயை எடுக்கவில்லை. “நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாரும் நிம்மதியா எந்திரிச்சுப் போகலாம்” என்றாள் நாத்தனார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். “பரவாயில்ல, விடுங்க” என்றாள் அவள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதனால்தான் சொன்னாள், வேறு காரணம் இருந்ததாக இன்றுவரை அவளுக்கு நினைவில்லை. உடனே எல்லோரும் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகத்தான் இருக்கிறார். அவள்மீது குரல் உயர்த்தியதில்லை. அவளுக்கும் கோபம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருவேளை, விட்டிருந்தால், அவளே மன்னித்திருப்பாள். மன்னிக்காமலும் போயிருப்பாள். இரண்டில் எது என்று தனக்குள் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. அந்தச் சொல் வெளியே போய்விட்டது, அவள் உள்ளேயே நின்றுவிட்டாள். சலவைக்கடை அம்மாவுக்கு மட்டும் எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். தவறாகப் போட்ட பொத்தானை அவிழ்த்துப் போட, யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்க.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டப்பிங் இயக்குநர் வந்தார். கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட.

“என்னம்மா, தொண்டை எப்படி இருக்கு? வெந்நீர் குடிச்சியா?”

“குடிச்சேண்ணே. இந்தக் கடைசிப் பக்கம்...”

“பாத்தியா? நல்லா வந்திருக்குல்ல.”

“மூலத்துல இல்லையேண்ணே.”

“மூலத்துல இல்லாததத்தானே நாம முதுகுல வெக்கிறோம். முதுகு ராணிக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

“இதுல வேண்டாம்ணே. அந்த அம்மா பேசாம இருக்கறதுதான் அந்தக் காட்சியே.”

“அது சரி. அவ்வளவு நேரம் சத்தமே வரலன்னா வீட்டுல என்ன செய்வாங்க தெரியுமா? டிவிய நாலு தட்டு தட்டுவாங்க. அப்புறம் அடுத்த சேனலுக்குப் போயிடுவாங்க.” சோபாவில் உட்காரப்போனவர் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு நின்றார். “இது என் யோசனை இல்லம்மா. சேனல் மேடம் சொன்னது. வீட்டுப் பொம்பளைங்க பாக்குற நேரமாம். மனசு ஆறுற மாதிரி முடியணுமாம்.”

“நானும் வீட்டுல உக்காந்து பாத்த பொம்பளைதாண்ணே.”

“உன்ன மாதிரி எத்தன பேரு இருக்காங்க, நீயே சொல்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. இன்ஸ்பெக்டருக்குப் பேசுற பொண்ணு வெளியூருக்குக் குடிபோகுது. அடுத்த சீசன் இன்ஸ்பெக்டர் யாருன்னு மேடம் இன்னைக்கு முடிவு பண்றாங்க. உன் பேரத்தான் சொல்லி வெச்சிருக்கேன். நீ பேசுறத நேர்ல கேக்கணும்னு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. காரியத்தக் கெடுத்துக்காத.”

இன்ஸ்பெக்டர். தலைப்பிலிருந்து கடைசிவரை. நர்ஸும் அத்தையும் இல்லாமல், ஒரே பெண்ணின் குரலாக, வாரம் முழுக்க. எத்தனை தடவை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வசனங்களைப் பேசிப் பார்த்திருக்கிறாள்.

“வாங்கண்ணே, ஆரம்பிக்கலாம்” என்றாள்.

பதிவறையின் சுவரெல்லாம் கம்பளம். நடுவில் மைக், எதிரே திரை, பக்கவாட்டில் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர். வயிறு முனகினால்கூடக் கண்டுபிடித்துப் பதிவை நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்குக் ‘காது’ என்றே பெயர். அவருக்குப் பக்கத்தில் அண்ணன். பின்னால், மடியில் கைப்பையோடு சேனல் மேடம். சின்ன வயசுதான்.

வேலை ஓடியது. கடைக்குள் துணி மடித்தபடி பேசுவது, நண்பன் கோப்பையை உடைத்ததும் சிரித்துக்கொண்டே “சரி, மன்னிச்சிட்டேன் போ” என்பது, இன்ஸ்பெக்டர் உண்மையைச் சொல்லும்போது நடுவில் குறுக்கிட்டு இஸ்திரிப் பெட்டியை அணைக்க வேண்டும் என்பது. ஒவ்வொன்றும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.

“அக்கா, பின்றீங்க” என்றது ஹெட்போனில் காதின் குரல். “காலைல மட்டும் சாப்பிடல போல. வயிறும் கூடவே நடிக்குது.”

கடைசிக் காட்சி வந்தது. குரலை மாற்றும்போது மூலத்தில் இருந்த மூச்சும் சேர்ந்தே போய்விடும் என்பதால், பேசாத இடத்திலும் மூச்சுவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். திரையில் அந்த அம்மா திரும்பினாள். இவள் மைக்குக்குப் பக்கமாகச் சாய்ந்து, முழங்கை உயரும்போது மூச்சை இழுத்தாள். வரிசை தப்பிய இடத்தில் நிறுத்தினாள். அவிழ்க்கும்போது மெல்ல விட்டாள். வசனம் வர வேண்டிய இடம் வந்தது, போனது. பெயர்கள் ஓடின.

“எடத்த விட்டுட்டியா?” என்றார் அண்ணன். “இன்னொரு தடவை போவோம்.”

இன்னொரு தடவை போனார்கள். அவள் மூச்சுவிட்டாள். வேறெதுவும் வரவில்லை.

கதவு திறந்தது. அண்ணனே உள்ளே வந்துவிட்டார். “என்னம்மா இது, சின்னப் பிள்ளையாட்டம்?”

“சொல்ல வேண்டாம்னு பாக்குறேண்ணே.”

“பாக்குறியா? நாளைக்கு மத்தியானம் ஓடணும் இது. வேற ஆளு வெச்சு அந்த அம்மாவ முதல்லேர்ந்தா எடுக்க முடியும்?” கண்ணாடிப் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா காது, அந்தக் கோப்பை சீன்ல மன்னிச்சிட்டேன்னு ஒண்ணு இருக்குல்ல. அத வெட்டி இங்க ஒட்டிடேன்.”

காது உதட்டைப் பிதுக்கினார். “அது சிரிச்சுக்கிட்டே சொன்னதுண்ணே. மகனக் கொன்னவன்கிட்ட அப்படிச் சிரிச்சா, அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க.”

அண்ணன் சிரிக்கவில்லை. அப்போதுதான் மேடம் எழுந்து வந்து, காதின் தோளுக்கு மேலாகக் குனிந்து பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“அக்கா, நீங்க இந்தத் தொடரோட பெரிய ரசிகைன்னு சொன்னாங்க. எனக்கும் ரொம்பப் பிடிச்ச பகுதி இது. ஆனா முடிவு மட்டும் எனக்குத் தாங்கல. அத்தன வருஷம் வீட்டுக்கு வந்து போன பையன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்ல?”

அந்தக் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதிகாரமாகக் கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்தப் பெண்ணும் கடைசிவரை பார்த்திருக்கிறாள், அந்த முடிவை அவளால் பொறுக்க முடியவில்லை. பார்க்கிறவர்களால்தான் எப்போதும் பொறுக்க முடிவதில்லை. நிற்கிறவள் எப்படியோ நின்றுவிடுகிறாள்.

“ரெண்டு பேருக்கும் இல்ல மேடம்” என்றாள். “பாத்துக்கிட்டு இருக்கற நமக்கு.”

“அப்படியே வெச்சுக்குவோம். நமக்குத்தான். அதுல என்ன தப்பு? ஒரு வார்த்தைதானே.”

அவள் திரையைப் பார்த்தாள். படம் தாழ்வாரத்தில் உறைந்து நின்றது. இவளும் சொல்லிவிட்டால் எல்லோரும் எழுந்து போகலாம். காது விளக்கை அணைப்பார். அண்ணன் முதுகில் தட்டிக்கொடுப்பார். ஊர் முழுக்க நாளை மத்தியானம், தட்டோடு நின்றபடி பார்க்கிற யாரோ ஒருத்தி, ஆமாம், இப்படித்தான் முடிக்க வேண்டும்போல என்று நினைத்துக்கொள்வாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். மறுபடியும் நர்ஸ். அதுவும் கிடைத்தால். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டது போல ஏதோ ஒன்று அசையாமல் இருந்தது. தேடிப் பார்த்தாள், அது கோபம்கூட இல்லை.

“இன்ஸ்பெக்டர் வேண்டாமா உனக்கு?” என்றார் அண்ணன், மேடத்துக்குக் கேட்காத குரலில்.

“வேணும்ணே. ரொம்ப நாள் ஆசை.”

“அப்போ சொல்லிடும்மா. எனக்காகச் சொல்லு.”

அவள் ஹெட்போனைச் சரியாகப் பொருத்திக்கொண்டாள்.

“இல்லண்ணே, நான் சொல்லல. மூச்சு மட்டும் இன்னொரு தடவை தர்றேன். பொத்தான அவுக்கற எடத்துல கொஞ்சம் சீக்கிரமா விட்டுட்டேன்.”