இரண்டு பாஸ்போர்ட்டுகள், ஒரு பெயர்

குலேத்துக்கும் எனக்கும் தொலைபேசியில்தான் நிக்காஹ் நடந்தது. அவன் இஸ்தான்புல்லில் ஒரு பேக்கரியின் பின்கட்டில் மாவு ஒட்டிய கையோடு நின்றிருந்தானாம். நான் சோமாலிலாந்தின் ஹர்கெய்சாவில் எங்கள் வீட்டுப் பெண்கள் அறையில், கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஷேக் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன சம்மதம் கரகரவென்று கேட்டது. மணமான பெண் கட்டும் தலைத்துணியை எனக்குக் கட்டிவிட்டார்கள். அன்றும் தனியாகத்தான் படுத்தேன்.

பிறகு ஒருமுறை வந்தான். ஒரு மாதம் இருந்தான். அவன் போன பிறகும் மாலைத் தேநீரை என் கை இரண்டு கோப்பையில் ஊற்றியது. ஆறிப்போன இரண்டாவது கோப்பையை அம்மாவே எடுத்துக் குடித்துவிடுவாள்.

அவனிடம் நான் போவதற்கு ஒரே தடை பாஸ்போர்ட். சோமாலியாவிலிருந்து பிரிந்த எங்களுக்குத் தனிக் கொடி உண்டு, தனிப் பணம் உண்டு, பாஸ்போர்ட்டும் உண்டு. ஆனால் துருக்கித் தூதரகத்தில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு நாடு தங்கள் பட்டியலில் இல்லை என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்கள். குலேத் பலமுறை சொல்லிவிட்டான், மொகதிஷுவில் இருக்கும் சோமாலிய அரசாங்கத்தின் நீலப் பாஸ்போர்ட்டை வாங்கிவிடு என்று. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்களாம். வெறும் காகிதம்தானாம்.

எனக்கு அது வெறும் காகிதமாகத் தெரியவில்லை. எங்களில் பெண் மணமானாலும் கணவன் பெயரைச் சேர்ப்பதில்லை. தன் பெயர், அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர், அவ்வளவுதான். நான் கவ்ஸர் வர்ஸமே எகால். மொகதிஷு அனுப்பிய விமானங்கள் இந்த ஊர்மேல் குண்டு போட்டபோது இறந்தவர் என் அப்பா வர்ஸமே. நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். எத்தியோப்பிய எல்லைக்கு அப்பால் அகதி முகாமில் பிறந்தேன். அந்தப் பெயர்மேல் அந்த முத்திரையா?

அம்மாவிடம் சொல்லவே பயந்தேன். அவள் ஒட்டகப்பால் விற்பது நகர நடுவில், அன்று குண்டு போட்டவற்றில் சுட்டு வீழ்த்திய ஒரு விமானத்தை மேடையேற்றி வைத்திருக்கிறார்களே, அதன் கீழேதான். அங்கே ஏன் உட்காருகிறாய் என்று யாராவது கேட்டால், "நிழல் குடுக்கிறான். அதையாவது குடுக்கட்டும்" என்பாள். நாங்கள் தனி நாடானதைக் கொண்டாடும் மே பதினெட்டு ஊர்வலத்தில் முதல் வரிசையில் நிற்பவள்.

ஒரு காலை, லஹோஹ் என்ற எங்கள் ஊர்த் தோசை சுட்டுக்கொண்டிருந்தவளிடம் ஒருவழியாகச் சொன்னேன். லஹோஹைத் திருப்பிப் போடும் வழக்கமே இல்லை; ஆனாலும் அன்று அகப்பையோடு குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் வாங்கிட்டு வா" என்றாள்.

"அம்மா, அதுல அப்பா பேரு இருக்கும்."

"இருக்கட்டும். நான் இத்தனை வருசமா தனியா படுத்து எந்திரிச்சவ. கொடியைப் போர்த்திக்கிட்டா குளிர் போகாதும்மா. உனக்குப் புருசன் உசுரோட இருக்கான்."

பேருந்தில் அடிஸ் அபாபா போய், அங்குள்ள சோமாலியத் தூதரகத்தில் வாங்கி வந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயரை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். நீல அட்டையை மடியில் வைத்துத் தடவினாள்.

"அவரைக் கொன்னப்ப ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதல. இப்ப அவங்க கையாலயே எழுதிட்டாங்க" என்றாள். சிரித்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது. பிறகு விரலை நீட்டி எச்சரித்தாள். "அங்க எந்த நாடுன்னு யாராவது கேட்டா இதை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டு சோமாலிலாந்துன்னு சொல்லு."

விசா கிடைத்தது. புறப்படும் நாளில் அம்மா விமான நிலைய வாசலோடு நின்றுவிட்டாள். அன்று குண்டு போட்ட விமானங்கள் இதே ஓடுபாதையிலிருந்துதான் கிளம்பின. எங்கள் ஊரிலிருந்தே எழும்பி எங்கள் ஊரையே அடித்தன. அவள் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

"நான் மார்க்கெட்டுக்குப் போறேன். உன் விமானம் போறதை அங்க இருந்து பாக்குறேன்" என்றாள். "மேல சத்தம் கேட்டா குனிஞ்சுதான் பழக்கம். இன்னைக்கு நிமிந்து பாக்கணும்."

உள்ளே, அதிகாரியிடம் நீலப் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டேன். விசா அதில்தானே இருந்தது, என் விரல்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தன. அவர் அதைத் தொடவில்லை.

"தங்கச்சி, எந்த ஊர்ல இருந்து கிளம்புற?"

"இங்கிருந்துதான், அண்ணே."

"அப்ப இந்த ஊரு பாஸ்போர்ட்டைக் குடு. அது அடுத்த ஊருக்கு."

கன்னம் சுட்டது. பைக்குள் தேடி எங்களுடையதை எடுத்துக் கொடுத்தேன். அவர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓங்கி முத்திரை குத்தினார். அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விமானம் எழும்பியது. ஜன்னலில் நெற்றியை அழுத்திக்கொண்டு பார்த்தேன். தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. மார்க்கெட் எது, அந்த மேடை எது, ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருந்தது. அம்மா குனிந்தாளா, நிமிர்ந்தாளா? இன்று மாலை தேநீரை ஒரே கோப்பையில் ஊற்ற அவள் கைக்குத் தெரியுமா?

பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டார். மடியில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஜன்னலுக்கு அப்பால் மேகம் வந்து ஊரை மூடும்வரை கையசைத்துக்கொண்டே இருந்தேன்.